டிரெசர் ஐயா உள்ளே இருக்கிறார்

பெண்டாங்
6-6-1943

நவமணிக்கு,

உன் அண்ணி இராசாத்தி எழுதுகிறேன். உன் உடம்பு எப்படி இருக்கிறது? மரவள்ளியைத் தின்று தின்று உனக்கும் கன்னம் ஒட்டிப் போயிருக்கும். எனக்கு ஏழாம் மாதம். காலையில் எழுந்தால் கால் இரண்டும் பணியாரமாக உப்பியிருக்கிறது. மற்றபடி குறை சொல்ல ஒன்றுமில்லை. நெல் விளைகிற ஊர் என்பதால் என் அண்ணன் வீட்டில் இன்னும் ஒரு வேளையாவது சோறு பொங்குகிறார்கள். அதற்காகத்தானே உன் அண்ணன் என்னை இங்கே கொண்டுவந்து விட்டார்.

அவரைப் பற்றித்தான் எழுத வந்தேன். ஹனீபா பாயின் கருவாட்டு லாரி இந்தப் பக்கம் வரும்போதெல்லாம் அவரிடமிருந்து இரண்டு வரியாவது வரும். மே மாதம் பிறந்ததிலிருந்து ஒன்றுமில்லை. பாயைக் கேட்டால், "டிரெசர் உள்ள வேலையா இருக்காராம்மா, தங்கச்சிதான் வெளிய வந்து பேசுது" என்கிறார். மருந்து கொடுத்து ஊசி போடுகிற டிரெசருக்கு எந்தத் தோட்டத்து ஆஸ்பத்திரியில்தான் வேலை இல்லை? பெண்டாட்டிக்கு இரண்டு வரி எழுதவிடாத வேலை என்ன வேலை? சயாமில் ரயில் போட ஜப்பான்காரன் ஆள் பிடித்துக்கொண்டு போகிறான் என்று கேட்கும்போதெல்லாம் வயிற்றில் பிள்ளை புரள்கிறது.

கால் வீக்கத்துக்கு அவரிடம் மருந்து வாங்கி அனுப்பு. அவர் கையால் மடித்த பொட்டலமாக இருக்கட்டும். நீ தப்பாக எடுத்துக்கொள்ளாதே. நீ பட்டணத்து ஆஸ்பத்திரியில் மூன்று வருஷம் நர்ஸ் வேலை படித்தவள், எனக்குத் தெரியாதா? ஆனாலும் மருந்து என்றால் ஆண் கை வேண்டும். அவரே சொல்வாரே, "நவமணி பஞ்சு சுருட்டட்டும், கட்டுத் துணி துவைக்கட்டும், ஊசியைத் தொட வேண்டாம்" என்று.

அவரை ஒரு வரி எழுதச் சொல். நேரத்துக்குச் சாப்பிடு.

அண்ணி,
இராசாத்தி


லூபோக் செமுட் தோட்டம், கரங்கான்
19-6-1943

அண்ணிக்கு வணக்கம்.

ஜப்பான்காரன் கணக்கில் இது 2603-ஆம் வருஷமாம். அவ்வளவு தூரத்திலிருந்து எழுதுகிறேன், தாமதத்தை மன்னித்துவிடுங்கள். கால் வீக்கம் முகத்துக்கு ஏறாமல் பார்த்துக்கொள்ளுங்கள். உப்பைக் குறையுங்கள். நீங்கள் கேட்ட பொட்டலம் இதோடு வருகிறது.

அண்ணனுக்கு வலது கட்டை விரலில் நகச்சுற்று வந்து பேனா பிடிக்க முடியவில்லை. அதனால்தான் நான் எழுதுகிறேன்.

இங்கே குளிர் காய்ச்சல் லயத்துக்கு லயம், வீட்டுக்கு வீடு புகுந்து கூலிக்காரர்களை எடுக்கிறது. காய்ச்சலுக்கான கொய்னா மருந்து குறைவு. வெள்ளைக்கார துரை ஓடினதிலிருந்து பெரிய டாக்டரும் வருவதில்லை. ஆஸ்பத்திரியில் ஒரு புது ஏற்பாடு செய்திருக்கிறோம். உள் அறை வாசலில் பச்சைத் திரை போட்டிருக்கிறது. ஐயா உள்ளே. நான் வெளியே. ஆள் வந்தால் நோயைக் கேட்டுக்கொண்டு திரைக்குள் போவேன், கொஞ்ச நேரம் கழித்து வெளியே வந்து ஊசி போடுவேன்.

முதல் நாள் கூத்தைக் கேளுங்கள். மேட்டு லயத்திலிருந்து ஒருவரைச் சாக்கில் போட்டுத் தூக்கி வந்தார்கள். பல்லோடு பல் அடிக்கிறது, கண் செருகுகிறது. நான் கையைப் பிடித்ததும் அந்த நிலையிலும் வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். "பொம்பள ஊசி வேணாம் லா. ஐயாவக் கூப்பிடு." சாகக் கிடக்கிறார், அதிலும் ரோஷத்துக்குக் குறைச்சல் இல்லை! திரைக்குள் போய் நின்றுவிட்டு வந்து, "ஐயா போடச் சொல்லிட்டாரு" என்றேன். குழந்தை மாதிரி கையை நீட்டினார். அதே கைதான் அண்ணி போட்டது.

நீங்கள் இந்தப் பக்கம் வர வேண்டாம். வழியெல்லாம் சோதனை. பிள்ளை பிறந்து நீங்கள் எழுந்து நடமாடும்வரை மனத்தை அலட்டிக்கொள்ளாதீர்கள்.

நவமணி


பெண்டாங்
11-7-1943

நவமணிக்கு ஆசி.

இங்கே எல்லாரும் சுகம். என் கால் வீக்கம் வடிந்துவிட்டது. மூன்றாம் நாளே செருப்பு காலில் ஏறியது. என்ன இருந்தாலும் அந்தக் கை ராசி வேறு யாருக்கும் வராது. விரல் வலியோடு எனக்காகப் பொட்டலம் மடித்தாரே என்று நினைத்து அழுதேன். விரல் இப்போது ஆறியிருக்கும். இடது கையால் கிறுக்கினாலும் பரவாயில்லை, அவர் எழுத்தைக் கண்ணில் காட்டு.

உன்மேல் எனக்கு ஒரு வருத்தம். போன வாரம் ஹனீபா பாய் ஆஸ்பத்திரிக்கு வந்தாராமே. நீ எங்கேயோ லயத்துப் பக்கம் போயிருந்தாயாம். பாய் வராந்தாவில் உட்கார்ந்திருந்தபோது திரைக்குப் பின்னால் உன் அண்ணன் இருமியிருக்கிறார். சுருட்டுப் பிடித்த பிறகு மூன்று தரம் அடக்கி அடக்கி இருமுவாரே, அது. பாய், "அழகேசன் தம்பி, நான்தான்" என்று குரல் கொடுத்தாராம். பதில் இல்லை. எழுந்து திரையைத் தொடப் போனபோது ஆயா மருதம்மாள் ஓடி வந்து குறுக்கே நின்றாளாம். ஊருக்கெல்லாம் மருந்து கொடுக்கிறவர் சிநேகிதனுக்கு முகம் காட்டக் கூடாதா?

ஆனாலும் இருமினார் என்று கேட்டதும் எனக்கு உயிர் வந்தது. 

ஆண் பிறந்தால் என்ன பெயர், பெண் பிறந்தால் என்ன பெயர், அவரிடம் கேட்டு எழுது. நீ கொய்னா விழுங்குகிறாயா? உனக்குக் காய்ச்சல் வந்தால் அவருக்கு யார் கஞ்சி வைப்பார்கள்?

இராசாத்தி


லூபோக் செமுட்
25-7-1943

அண்ணிக்கு,

நலமாக இருக்கிறீர்களா? நான் நலம்.

பாய் இருமலைக் கேட்டது எந்தக் கிழமை? காலையிலா, மத்தியானமா? மூன்று தரம் என்று அவரே சொன்னாரா, நீங்கள் சேர்த்துக்கொண்டீர்களா? மறக்காமல் கேட்டு எழுதுங்கள். சும்மாதான் கேட்கிறேன். அண்ணனுக்குச் சளி பிடித்திருந்தால் நான் கவனிக்க வேண்டும் அல்லவா.

மருதம்மாளைக் கேட்டேன். தான் இருமவில்லை என்று மகன் தலையில் அடித்துச் சத்தியம் செய்கிறாள். அன்றிலிருந்து அவள் உள் அறையைப் பெருக்கப் போவதில்லை. நானே பெருக்குகிறேன்.

தோட்டத்தின் கீழ்ப் பிரிவிலிருந்து ஒரு கிழவர் வந்தார். வயிற்றுப் போக்கு நின்றுவிட்டதாம், கும்பிட்டுவிட்டுப் போக வந்தாராம். நான் அவரை அதற்கு முன் பார்த்ததே இல்லை. "ஐயாதான் ஜன்னல்கிட்ட கூப்பிட்டு, கஞ்சித் தண்ணில உப்புப் போட்டுக் குடிய்யா, சரியாப் போயிடும்னு சொன்னாரு" என்றார். நான் அப்படி யாருக்கும் சொல்லி அனுப்பவில்லை. ஆனால் மருந்து சரிதான். பட்டணத்தில் எங்களுக்குச் சொல்லித் தந்ததும் அதுதான்.

பெயர் உங்கள் மனத்துக்குப் பிடித்ததாக இருக்கட்டும். அண்ணன் மறுப்புச் சொல்ல மாட்டார்.

நவமணி


பெண்டாங்
12-9-1943

நவமணிக்கு,

போன மாதம் பெண் பிறந்தாள். ரமணி என்று பெயர் வைத்தோம். இரண்டு பேரும் சுகமாக இருக்கிறோம் என்று எழுத வேண்டும், எழுதிவிட்டேன்.

தீட்டுக் கழித்த அன்று வருவார் என்று வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். முப்பதாம் நாள் தொட்டில் போட்டபோதும் பார்த்தேன். மாமன் வீட்டுச் சீராக என் அண்ணன் எல்லாம் செய்தார், அப்பன் வீட்டிலிருந்து ஒரு துணித் துண்டு வரவில்லை. ஊர் சும்மா இருக்குமா? "ஒந் தங்கச்சி புருசன் தோட்டத்துல வேற குடும்பம் வச்சிட்டான் போலருக்கு" என்று பாசார் கடைத்தெருவில் வைத்து என் அண்ணனிடமே கேட்டிருக்கிறார்கள். அவர் சோறு இறங்காமல் கை கழுவி எழுந்துவிட்டார்.

நானும் யோசித்துப் பார்த்தேன். விரல் ஆறவில்லை. முகம் காட்டுவதில்லை. திரை. வாசலில் ஒரு ஆயா காவல். நீ கேட்ட கேள்விகள் வேறு. உண்மையைச் சொல், அந்தத் திரைக்குப் பின்னால் யார் இருக்கிறாள்? நர்ஸ் வேலை என்றால் ராத்திரி பகல் பார்க்காமல் ஆண்களோடு நிற்கிற வேலை, கல்யாணத்துக்கு ஆகாது என்று ஊரார் உன்னைப் பேசியபோது நான்தான் உனக்காகச் சண்டை போட்டேன். நீ எனக்குச் செய்கிற கைம்மாறு இதுதானா?

பதில் எழுது.

இராசாத்தி


பெண்டாங்
20-10-1943

நவமணி,

பதில் வரவில்லை. பாய் இரண்டு முறை வந்து வெறும் கையோடு போனார். நம் கெடாவை ஜப்பான்காரன் சயாம்காரனுக்குக் கொடுத்துவிட்டானாம், இனிச் சோதனை குறையும் என்கிறார்கள். அடுத்த லாரியில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வருகிறேன். திரையை நானே விலக்கிப் பார்த்துக்கொள்கிறேன்.

இராசாத்தி


லூபோக் செமுட்
31-10-1943

அண்ணி,

குழந்தையை மடியிலிருந்து இறக்கிவிட்டுப் படியுங்கள். பக்கத்தில் உங்கள் அண்ணன் இருந்தால் நல்லது.

திரைக்குப் பின்னால் யாருமில்லை. அண்ணன் மே மாதம் முதல் வாரத்திலேயே போய்விட்டார். சிறுநீர் கறுத்துப்போகிற காய்ச்சல். ஊருக்கெல்லாம் பங்கிட்டுவிட்டுத் தனக்குக் கொய்னா எடுத்துவைக்காமல் போனார். கடைசியில் என்னிடம் சொன்னது உங்களைப் பற்றித்தான். "அவ பிள்ள பெத்து எந்திரிக்கட்டும். அதுவரைக்கும் சொல்லாத." தோட்டத்து ஆபீஸ் முருகையா கிராணியும் மருதம்மாளின் புருஷனும் ஆஸ்பத்திரிக்குப் பின்னால் ரப்பர் நிரையில் குழி வெட்டினார்கள். வயிற்றுப் பிள்ளைக்காரியிடம் சாவுச் செய்தி சொல்லக் கூடாது என்று மருதம்மாளையும் சேர்த்து நால்வரும் ஒத்துக்கொண்டோம். வெளியே தெரிந்தால் யாராவது உங்களிடம் சொல்லிவிடுவார்கள் என்று தோட்டத்துக்கும் சொல்லவில்லை.

மறுநாள் காலையிலேயே அந்த மேட்டு லயத்துக்காரரைத் தூக்கி வந்துவிட்டார்கள். ஐயா எங்கே என்றார்கள். உள்ளே இருக்கிறார் என்று வாயில் வந்துவிட்டது. அவர் பிழைத்தார். அப்புறம் வரிசை வந்தது.

பிள்ளை பிறந்ததும் சொல்லியிருக்க வேண்டும். ஏன் சொல்லவில்லை என்று என்னையே கேட்டுக்கொண்டுதான் இத்தனை நாள் பதில் எழுதாமல் இருந்தேன். சொன்னால் ஒருவரும் கை நீட்ட மாட்டார்கள், லயத்தில் கிடந்து சாவார்கள் என்பது உண்மை. ஆனால் அது பாதி உண்மை. மீதியையும் எழுதிவிடுகிறேன். அண்ணன் இருந்தவரை நான் பஞ்சு சுருட்டினேன். அவர் செத்த பிறகுதான் நர்ஸ் ஆனேன். எனக்கு அது பிடித்திருந்தது அண்ணி. அவர் போன துக்கத்தோடு அதுவும் இருந்தது. இதற்காக நீங்கள் என்னை எப்படி வேண்டுமானாலும் ஏசலாம்.

உங்கள் கால் வீக்கத்துக்கு வந்த பொட்டலம் நான் மடித்தது.

இருமல் மட்டும் நான் இல்லை. நானும் கேட்டேன், இரண்டு முறை. முதல் முறை நான் வெளியே ஊசியைக் கொதிக்க வைத்துக்கொண்டிருந்தேன். வரிசையில் இருந்தவர்கள் யாரும் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை, ஐயா இருமுகிறார், அவ்வளவுதான் அவர்களுக்கு. நான் மட்டும் கரண்டியைக் கீழே போட்டேன். உள்ளே போய்ப் பார்த்தால் நாற்காலி, மேசை, அவருடைய வெள்ளைக் கோட்டு. காரியம் செய்யாமல் விட்டதால் அவர் போக முடியாமல் நிற்கிறார் என்று மருதம்மாள் சொல்கிறாள். நர்ஸ் படிப்பில் இதற்குப் பதில் இல்லை.

வாருங்கள். கருமாதி செய்வோம். எல்லாருக்கும் நானே சொல்லிவிடுகிறேன். என் முகத்தில் விழிக்கப் பிடிக்காவிட்டால் காரியம் முடிகிறவரை நான் ஒதுங்கி நிற்கிறேன்.

பாவி,
நவமணி


பெண்டாங்
9-11-1943

ஆறு மாதம் பூ வைத்திருக்கிறேன். இல்லாத மனிதருக்காக நாள் தவறாமல் குங்குமம் வைத்தேன். அவர் இருமினார் என்று கேட்டு அன்று பாயசம் வைத்தேன் நவமணி. நீ கூடவா?

பதினைந்தாம் தேதி பாயோடு வருகிறேன். நான் வருவதற்குள் அந்தத் திரையைக் கழற்று. காலையில் பேர் கூப்பிடுகிற பிரட்டுக் களத்தில் எல்லாரும் நிற்கும்போது வாயைத் திறந்து சத்தமாகச் சொல். நான் உன் பக்கத்தில் நிற்பேன். உனக்காக இல்லை.

இராசாத்தி


லூபோக் செமுட்
12-12-1943

அண்ணிக்கு வணக்கம். ரமணிக்கு லாரிப் பயணம் ஒத்துக்கொண்டதா? உங்களுக்குத் தூக்கம் வருகிறதா? இங்கே நான் சாப்பிடுகிறேன், தூங்குகிறேன், குறையில்லை. கருமாதி முடிந்த பிறகு உள் அறையில் ஒரு சத்தமும் இல்லை.

ஆனால் ஒன்று. நான் பிரட்டுக் களத்தில் நின்று, "எங்க அண்ணன் செத்துட்டாரு, இத்தனை மாசம் நான்தான் ஊசி போட்டேன்" என்று கத்தினபோது ஒருவர்கூட ஐயோ என்று சொல்லவில்லை. நீங்கள் அழுதுகொண்டிருந்தீர்கள், கவனித்திருக்க மாட்டீர்கள். எல்லாரும் தலையைக் குனிந்துகொண்டு நின்றார்கள், அவ்வளவுதான்.

நீங்கள் லாரி ஏறிய மறுநாள் ஆஸ்பத்திரியில் ஈ காக்கை இருக்காது என்று நினைத்தேன். கதவைத் திறந்தால் வரிசை! எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. பெண் என்று தெரிந்தும் வந்துவிட்டார்களே என்று. முதல் ஆளிடம் போய்க் கையைப் பிடித்தேன். அவர் இழுத்துக்கொண்டு உள் அறையைப் பார்த்தார். "ஐயாவ ஒரு வார்த்த கேட்டுட்டு வா தாயி."

"ஐயா செத்துட்டாருன்னு நேத்துதானே சொன்னேன்?"

"அது எங்களுக்கு அப்பவே தெரியும்லா. குழி வெட்டுனா பால் வெட்டப் போறவன் கண்ணுல படாதா?"

மே மாதத்திலிருந்தே எல்லாருக்கும் தெரியும் அண்ணி. பெண்களுக்கும் தெரியும். சாக்கில் தூக்கி வந்தார்களே, அவர்களுக்கும் தெரியுமாம். பின்னே ஏன் ஐயா ஐயா என்றீர்கள் என்று கேட்டேன். அந்த ஆளுக்கு என் கேள்வியே புரியவில்லை. "செத்தாலும் அவரு டிரெசரு. நீ அவரு தங்கச்சிதானே?" என்றார்.

கேட்டீர்களா? செத்த ஆணிடம் மருந்து வாங்குவார்கள். உயிரோடிருக்கிற பெண்ணிடம் வாங்க மாட்டார்கள். நான் அவர்களை ஏமாற்றுகிறேன் என்று எண்ணி இத்தனை மாதம் பயந்து செத்தேன்.

இப்போது அவர்களே புதிதாகச் சிவப்புத் துணியில் திரை தைத்துக் கட்டியிருக்கிறார்கள். குழி மேல் கல் நட்டு, திருநீறு பூசி, சுருட்டு வைக்கிறார்கள். டிரெசர் சாமியாம். வெள்ளிக்கிழமை நான் தலைமுடியை விரித்துக்கொண்டு கல்லுக்கு முன் உட்கார்ந்து வாக்குச் சொல்ல வேண்டுமாம். பெண்மேல் சாமி வந்தால் காலில் விழுவார்கள். அதே பெண் படித்துவிட்டு வந்து ஊசியை எடுத்தால் உடம்பு கூசுகிறது.

நான் மாட்டேன் என்றேன். அன்றைக்குக் காய்ச்சலோடு வந்தவர்கள் அப்படியே திரும்பிப் போனார்கள். அதில் இருவர் இப்போது இல்லை. எனக்கு ஒன்றும் ஓடவில்லை. அவர் உங்கள் புருஷர். அவரைச் சாமியாக்கி நான் ஊசி போடட்டுமா? நீங்கள் சரி என்றால் முடியை விரித்துக்கொள்கிறேன்.

நவமணி


பெண்டாங்
2-1-1944

நவமணிக்கு ஆசி.

நானும் குழந்தையும் சுகம். அவள் குப்புற விழுகிறாள். உன் கடிதத்தைப் பலமுறை படித்தேன். கோபம் இன்னும் போகவில்லை. அது வேறு கணக்கு, நாம் இரண்டு பேரும் கிழவியான பிறகு தீர்த்துக்கொள்ளலாம்.

நீ கேட்டதற்குப் பதில்: கூடாது. பிண்டம் வைத்து, தண்ணீர் விட்டு, போய் வாருங்கள் என்று அனுப்பிய மனிதரை மறுபடி கூப்பிட்டு வேலை வாங்காதே. உயிரோடிருந்தபோது ஒரு நாள் லீவு கிடைத்ததா அவருக்கு? அவர் பெயரைச் சொல்லி இனி ஒரு ஊசியும் போடாதே. சத்தியம் செய்து எழுது.

இன்னொன்றும் சொல்கிறேன். அவர் கை ராசியில் வீக்கம் வடிந்தது என்று எழுதினேனே, அந்தப் பொட்டலத்தை மடித்தது நீ என்று தெரிந்த பிறகு என் கால் மறுபடி வீங்கிவிடவில்லை. நானும் அந்த வரிசையில் நின்ற ஆள்தான். எனக்குப் புத்தி வந்தது போல மற்றவர்களுக்கும் வரட்டும். வராவிட்டால் அதற்கு நீ என்ன செய்வாய்?

கைக்கெட்டும் தூரத்தில் மருந்து இருந்தும் சாகிறார்களே என்று நீ அழுவாய் என்று தெரியும். அழு. ஆனால் பொய் சொல்லாதே.

இராசாத்தி


லூபோக் செமுட்
20-2-1944

அண்ணிக்கு வணக்கம். ரமணிக்குப் பல் முளைத்துவிட்டதா? எனக்கு நடுவில் ஒரு காய்ச்சல் வந்து போனது. எனக்கு நானே ஊசி போட்டுக்கொண்டேன். மறுப்புச் சொல்லாத நோயாளி கிடைத்ததில் சந்தோஷம்.

உங்கள் கடிதம் வந்த அன்றே சத்தியம் செய்தேன். சிவப்புத் திரையை அவிழ்த்து நாலாகக் கிழித்துக் கட்டுத் துணியாக்கினேன். இங்கே யாருமில்லை, நான் மட்டும்தான், வேண்டுமானால் கையை நீட்டுங்கள் என்றேன். வரிசை கலைந்தது.

அப்புறம் ஒரு மத்தியானம் பிச்சையம்மாள் தனியாக வந்தாள். நடு லயத்துக்காரி. பிள்ளைக்கு வலிப்பு. புருஷன் கல்லுக்குத் தூக்கிப் போகச் சொன்னானாம். இவள் பாதி வழியில் திரும்பியிருக்கிறாள். "யாருகிட்டயும் சொல்லாத. நீயே போடு" என்றாள். பிள்ளை பிழைத்தது. இரண்டு நாளில் ராக்காயி வந்தாள். இப்போது பெண்கள் எல்லாரும் வருகிறார்கள், பிள்ளைகளையும் கொண்டு வருகிறார்கள்.

ஆண்கள் கல்லுக்குத்தான் போகிறார்கள். போய்விட்டு வந்து முகம் தெளிந்து பேசுகிறார்கள். "ஐயா நாடி பிடிச்சுப் பாத்தாரு. கை மட்டும் சில்லுன்னு இருந்துச்சு." நான் கேட்காமலே வழியில் நிறுத்திச் சொல்கிறார்கள். ஒருவர் அல்ல, ஒருவரை ஒருவர் அறியாதவர்களும் அதையேதான் சொல்கிறார்கள், சில்லென்று இருந்தது என்று. அப்புறம் படுக்கிறார்கள், சந்தோஷமாகவே சாகிறார்கள். மேட்டு லயத்தில் இப்போது வீட்டுக்கு வீடு பெண்கள் மட்டும் இருக்கிறார்கள். அண்ணன் தன் பக்கத்துக்கு ஆள் சேர்க்கிறார் என்கிறாள் மருதம்மாள். எனக்கு அவள்மேல் கோபம் வந்தது. அண்ணன் அப்படிப்பட்டவர் அல்ல. ஆனால் அந்த நிரையைத் தாண்டிப் போக இப்போதெல்லாம் எனக்குக் கால் வருவதில்லை.

போன செவ்வாய்க்கிழமை முருகையா கிராணி விழுந்தார். இங்கிலீஷ் படித்தவர், கணக்கு எழுதுகிறவர், நம் வீட்டு ரகசியத்தைக் காத்தவர். அவர் வீட்டுக்கு நானே ஊசியை எடுத்துக்கொண்டு போனேன். உச்சி வெயில். மனிதர் கம்பளிக்குள் கிடந்து நடுங்குகிறார், கண்ணெல்லாம் மஞ்சள். கையைப் பிடித்தேன். இழுத்துக்கொண்டார்.

"டிரெசர ஒரு வார்த்த கேட்டுட்டு வந்து போடும்மா."

என் காதையே நம்ப முடியவில்லை. "கிராணி, குழி வெட்டுனது நீங்கதானே? தலமாட்டுல பிடிச்சு எறக்குனது நீங்கதானே?"

"வெட்டுனேன். எறக்குனேன். அதுக்கென்ன இப்ப? போயிக் கேட்டுட்டு வா."

அவர் சம்சாரம் என்னை வாசலுக்கு இழுத்துக்கொண்டு வந்து காலைப் பிடித்துக்கொண்டது. "கேட்டேன்னு சொல்லிடு தாயி. ஒரு சொல்லுதானே. அஞ்சு பிள்ளைங்க தாயி." எனக்கு நாக்கு நுனிவரை வந்துவிட்டது அண்ணி. எத்தனை பேருக்குச் சொன்ன பொய், இன்னொன்று சொன்னால் என்ன கெட்டுப்போகும்? உங்கள் சத்தியம் மட்டும்தான் நடுவில் நின்றது. உங்களை மனத்துக்குள் திட்டினேன், ஒளிக்காமல் சொல்கிறேன்.

வராந்தாவில் நின்றேன். அங்கிருந்து பார்த்தால் ரப்பர் நிரையும் கல்லும் தெரியும். காற்றில்லை. ஒரு இலை அசையவில்லை. கொசுகூட இல்லை. அத்தனை மாதம் கேட்டேன் கேட்டேன் என்று சொன்னேனே, ஒரு தடவையாவது கேட்டிருக்கிறேனா? இந்த முறை உண்மையாகவே கேட்டேன். "அண்ணா, கிராணிக்கு ஊசி போடட்டுமா?" வாய்விட்டே கேட்டேன். பதில் வந்துவிடுமோ என்று உடம்பெல்லாம் சில்லிட்டது. நின்றேன். அந்தம்மா அழுகையை நிறுத்திவிட்டு என்னோடு சேர்ந்து காது கொடுத்தது.

ஒன்றும் வரவில்லை.

உள்ளே போனேன். கிராணி என் முகத்தைப் பார்த்தார்.

"கேட்டியா?"

"கேட்டேன். அவரு ஒண்ணும் சொல்லல. செத்தவரு என்ன சொல்லுவாரு? நான் சொல்றேன். போடலன்னா நாளைக்கு நீங்க இருக்க மாட்டீங்க. கைய நீட்டுங்க."

அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பார்வையில் கோபம் இல்லை. பயம்தான் இருந்தது. சாவுக்குப் பயமா, எனக்குப் பயமா என்று எனக்குத் தெரியவில்லை. அப்புறம் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். திருப்பிக்கொண்டு கையை மட்டும் என் பக்கமாக நீட்டினார்.

ஊசி போட்டேன். இன்று காலை எழுந்து உட்கார்ந்து கஞ்சி குடித்தார். நான் போனபோது சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். கையை நீட்டினார்.

உங்கள்
நவமணி